மஞ்சள் நாடா கட்டிய மாடு

பாகலூரில் அண்ணன் வீட்டில் இரண்டு கறவை மாடுகள். அதில் சிவப்பு மாடு கன்று போட்ட பிறகும் இருமியது. விலா எலும்பு தெரிந்தது. காசநோயாக இருக்கலாம் என்று சந்தேகப்பட்ட மாட்டு டாக்டரம்மா, அதன் கழுத்தில் ஒரு கையளவு மயிரை மழித்து, அளவியால் தோலின் தடிப்பை அளந்து, ஊசி போட்டார். மூன்றாம் நாள் மீண்டும் அளந்தார். பத்திரிகை நிருபரான நான் நோட்டில் குறித்தேன். அன்று எட்டு மில்லிமீட்டர், இன்றும் எட்டு.

“வீங்கலையே, அப்ப நோய் இல்லதானே?” என்றார் அண்ணன்.

“நோய்க்கிருமி இருந்தா உடம்பு ஊசி மருந்தை அடையாளம் கண்டு தடிக்கும்ங்க. ஆனா இது கன்னு போட்டுப் பத்து நாள்தான் ஆகுது. இப்ப நோய் இருந்தாலும் தடிக்காமப் போயிரலாம். ரெண்டு மாசம் கழிச்சு இன்னொரு தடவ பாக்கணும்.”

அண்ணி கல்யாணத்துக்கு முன் ஓசூர் தொழிற்சாலை ஒன்றில் உதிரிபாகங்களை அளந்து சோதிக்கும் பிரிவில் இருந்தவர். அங்கே சந்தேகமான பாகத்துக்கு மஞ்சள் நாடாவும், கழிக்க வேண்டியதற்குச் சிவப்பு நாடாவும் கட்டித் தனித் தட்டில் வைப்பார்கள். அண்ணி உள்ளே போய் மஞ்சள் நாடா ஒன்றைக் கொண்டுவந்து மாட்டின் கொம்பில் கட்டினார்.

“பாஸும் இல்ல, ரிஜெக்ட்டும் இல்ல. ஹோல்டு. எழுதிக்குங்க, பேப்பர்காரரே.”

அன்றே சிவப்பு மாடு தனிக் கொட்டகைக்குப் போனது. அதன் பாலை அண்ணி கறந்து குழியில் கொட்டினார். கன்றுக்கு மற்ற மாட்டின் பால். வாடிக்கை வீடுகளில் பாதிக்குப் பால் நின்றது. எதிர் லைன் வீட்டுக்காரம்மா கேட்டே விட்டார்.

“நாங்க காய்ச்சித்தானேக்கா குடிக்கிறோம்?”

“காய்ச்சறது நீ. கறந்து குடுக்கறது நான்.”

அண்ணன் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். அண்ணி அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

இரண்டு மாதம் கழித்து மறுபடி ஊசி; போடும் முன் அதே எட்டு மில்லிமீட்டர். மூன்றாம் நாள் டாக்டரம்மா வருவதற்கு முன்பே கழுத்தில் எலுமிச்சை அளவு கட்டி தெரிந்தது. டாக்டரம்மா ஒருமுறை அளந்துவிட்டு அளவியை மடக்கப்போனார்.

“மூணு தடவ வைங்க மேடம்,” என்றார் அண்ணி.

பதினேழு. பதினேழு. பதினேழரை.

“நோய் இருக்குங்க. வீட்டுல எல்லாரும் நெஞ்சுப் பரிசோதனை பண்ணிக்கணும்.”

அண்ணி மஞ்சள் நாடாவை அவிழ்த்துச் சிவப்பு நாடாவைக் கட்டினார். பிறகு என்னிடம் நோட்டைக் கேட்டார்.

“ஹோல்டு போடறதுக்கு முன்னாடி இதோட பால் போன வீடு பதினொண்ணு, தம்பி. அவங்களையும் நெஞ்சுப் பரிசோதனை பண்ணிக்கச் சொல்லணும். ஊசியப் பத்திக் கேட்டா நீங்க சொல்லுங்க. மாட்டப் பத்தி நான் சொல்றேன்.”

செருப்பை மாட்டிக்கொண்டு எதிர் லைனை நோக்கி நடந்தார். நான் பின்னால் போனேன்.