எடை மேடையில் மாணிக்கவாசகம்

கல்யாணப் பந்தியில் உட்கார்ந்ததும் மாணிக்கவாசகம் இலையைப் பார்க்க மாட்டார், எதிர்வரிசையைப் பார்ப்பார். "கோடியில பச்சைச் சட்டை எண்பத்திரெண்டு. பக்கத்துல அந்தம்மா, நகையோட சேத்து எழுபது. மாப்பிள்ளையோட மாமா தொண்ணூறுக்குக் கொறையாது" என்று வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே போய், "இந்த வரிசையத் தூக்க நமக்கு மூணு ட்ரிப் ஆகும்" என்று முடிப்பார். அதற்குள் சாம்பார் அவர் இலையைத் தாண்டிப் போயிருக்கும். கூப்பிட்டு, தாண்டிப் போன குறை தீர இரண்டு கரண்டி வாங்கிக்கொள்வார்.

டெல்லி சப்தர்ஜங் விமானத் தளத்தின் ஓரத்தில், இரண்டே இரண்டு சேத்தக் ஹெலிகாப்டர்களை வைத்துக்கொண்டு காலம் தள்ளும் சின்ன அரசு அலுவலகம் ஒன்றில் அவர் குமாஸ்தா. ஏறுகிற ஆட்களையும் சாமான்களையும் நிறுத்துப் பார்த்து, இவ்வளவுதான் தூக்கும் என்று சொல்வது அவர் வேலை. அந்தப் பதவிக்கு நீளமான இங்கிலீஷ் பெயர் ஒன்று உண்டு. அவர் அதைச் சொல்லிக்கொள்வதில்லை. "மதுரையில மொளகா மண்டியில நின்னுருந்தாலும் இதே சோலிதான். இங்க மொளகாய்க்குப் பதிலா மந்திரிய நிறுக்குறேன். ரெண்டுமே காரந்தான்" என்பார்.

சேத்தக் அப்படியொன்றும் பெரிய வண்டி இல்லை. ஓட்டுகிறவரைத் தவிர ஆறு பேர் முழங்கால் இடிக்க உட்காரலாம். இருக்கைகளை மடக்கினால் நோயாளிகள் இரண்டு பேரைப் படுக்கவைக்கலாம். பிரான்ஸ்காரர்கள் வரைந்தது, பெங்களூரில் செய்தது. இந்தப் பொடிசு செய்யாத வேலை இல்லை. ராஜஸ்தானில் வெட்டுக்கிளிக்கு மருந்தடிக்கும். ரோடு இல்லாத மலைக்கு வாக்குப்பெட்டி கொண்டுபோகும். கால் ஒடிந்தவனை ஆஸ்பத்திரியில் சேர்க்கும். விழா என்றால் வானத்திலிருந்து ரோஜா இதழ் தூவும். எதைத் தூக்குவதாக இருந்தாலும் அது முதலில் மாணிக்கவாசகத்தின் எடை மேடையில் ஏறி இறங்க வேண்டும். மே மாத மத்தியானங்களில் அவர் கெடுபிடி இன்னும் அதிகம். "வெயில் ஏறிப் போச்சுன்னா காத்து லேசாயிரும். வண்டிக்கு மூச்சு வாங்கும், என்னைய மாதிரி."

எடை விஷயத்தில் மனிதர்கள் கூசாமல் பொய் சொல்வார்கள் என்பது அவர் கண்ட உண்மை. கடவுளுக்குப் பயந்த அதிகாரிகூடப் பத்துக் கிலோவை விழுங்கிவிட்டுத்தான் பேசுவாராம். ஒரு செயலாளர் மேடைமேல் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாராம், அதனால் முள் குறைந்துவிடும் என்பதுபோல. யார் என்ன சொன்னாலும் மாணிக்கவாசகத்தின் பதில் ஒன்றுதான்: "சொல்ற எடை வேணாங்க, நிக்கிற எடைதான் வேணும்." சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் அவர் மாடிப்படி ஏறும் சத்தம் கேட்டால் மேல்வீட்டு விசாலாக்ஷி மாமி, "எல்லாரும் உள்ள போயிடுங்கோ, மாணிக்கம் சார் வரார். மூட்டையை நிறுக்கற மாதிரி பார்ப்பார்" என்று கதவைச் சாத்துவாள்.

புதிதாக ஓர் இலகு ஹெலிகாப்டரை இங்கேயே வடிவமைக்கப் போகிறார்கள் என்று அலுவலகத்தில் பேச்சு அடிபட்டது. தரைப்படைக்கு அது உயர்ந்த மலை ஏற வேண்டும். கடற்படைக்குக் கப்பலில் இறங்கி இறக்கையை மடக்கிக்கொள்ள வேண்டும். இன்னொருவருக்கு இரண்டு இன்ஜின் இல்லாமல் ஆகாது. டீ குடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தவர் சிரித்துவிட்டார். "ஆளாளுக்கு ஒண்ணு சேத்துக்கிட்டே போனா அது எப்பிடிய்யா லைட்டா இருக்கும்? கல்யாணத்தப்ப நானும் லைட்டாத்தான் இருந்தேன். போன வீட்டுலெல்லாம் ஆளுக்கொரு வடை வச்சாங்க."

ஊரையே ஏற்றி அனுப்பியவர் ஒருமுறைகூட ஏறியதில்லை. அவர் மனதை அரித்த குறை அது ஒன்றுதான். எத்தனையோ தடவை பட்டியலில் தன் பெயரை எழுதியிருக்கிறார். கடைசி நிமிஷத்தில் ஏதாவது வந்து சேரும்: மந்திரியின் மாம்பழக் கூடை, பூச்சிமருந்து டிரம், ஒருமுறை சினிமாக் கம்பெனியின் சவுரிப் பெட்டி. பாரம் மிஞ்சினால் முதலில் இறங்க வேண்டியவர் நிறுக்கிறவர்தானே! "கதாநாயகி சவுரிக்கு முன்னால என் முடி எம்மாத்திரம்?" என்று வழுக்கையைத் தடவிக்கொள்வார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். ஆனால் தலைக்கு மேல் சத்தம் கேட்டால் பேச்சை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்ப்பார்.

எழுபத்தெட்டு செப்டம்பரில் யமுனை கரையை மீறியது. ஊருக்கு வடக்கே கிராமத்து ஜனங்கள் கூரைமேல் உட்கார்ந்திருந்தார்கள். சாப்பாட்டு மூட்டைகளைக் கதவோரம் இருந்து கீழே தள்ள ஓர் ஆள் தேவைப்பட்டது. பைலட் கேப்டன் கில், "மாணிக் சாப், கல் ஆப் சலியே" என்றார். நாளைக்கு நீங்களே வாருங்கள்! போகிற வழியில் சரோஜினி நகருக்கு மேல் ஒரு வட்டம் அடிப்பதாகவும் வாக்குக் கொடுத்தார்.

அன்று சாயங்காலத்துக்குள் காய்கறி வண்டிக்காரன் வரை விஷயம் தெரிந்துவிட்டது. சொன்னவர் வேறு யாருமில்லை, மாணிக்கவாசகமேதான். அவர் மனைவி அம்சவேணி மட்டும் கரண்டியும் கையுமாக அவர் எதிரே வந்து நின்றாள்.

"கதவத் தெறந்து வச்சுக்கிட்டா போவீங்க? கீழ விழுந்துட்டா என்னங்க பண்றது?"

"விழுந்தா ஆத்துல ஒரு அடி தண்ணி கூடும், அவ்வளவுதான். இந்தா பாரு, இந்தச் செவப்புத் துண்ட ஆட்டிக்கிட்டே போறேன். துண்டு தெரிஞ்சா நான் சொகமா இருக்கேன்னு அர்த்தம்."

"துண்டக் கண்ணால பாக்குற வரைக்கும் நான் பச்சத்தண்ணி குடிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, மலை மந்திர் முருகனுக்கு ஒரு தேங்காயை நேர்ந்துகொண்டாள்.

மறுநாள் காலை சப்தர்ஜங்கில் குருத்வாராக்காரர்கள் பூரி மூட்டைகளைக் கொண்டுவந்து இறக்கினார்கள். உருளைக்கிழங்கு வாசனை தளம் முழுக்க வீசியது. மருந்துப் பெட்டியோடு ஒரு லேடி டாக்டர் வந்திருந்தார். எல்லாவற்றையும் நிறுத்தாகிவிட்டது. தன் பெயருக்கு நேரே மாணிக்கவாசகம் எழுபத்திரண்டு என்று எழுதினார்.

"ஆப் பீ" என்றார் கேப்டன் கில், மேடையைக் காட்டி. நீங்களும் ஏறுங்கள்.

எனக்குத் தெரியாதா என் எடை என்று மாணிக்கவாசகம் இந்தியில் மழுப்பினார். சொல்கிற எடை வேண்டாம், நிற்கிற எடைதான் வேண்டும் என்று கேப்டன் அவருடைய வசனத்தையே இந்தியில் திருப்பிப் படித்தார். மெக்கானிக் யாதவ் வாயைப் பொத்திக்கொண்டான். மாணிக்கவாசகம் செருப்பைக் கழற்றினார். பேனாவையும் சாவிக்கொத்தையும் எடுத்து வைத்தார். ஏறினார். தன்னை அறியாமல் மூச்சை அடக்கிக்கொண்டார். முள் எழுபத்திரண்டில் நிற்காமல் எண்பதைத் தாண்டி, தொண்ணூற்றொன்றில் போய் உட்கார்ந்தது.

"முள்ளு கெட்டுப் போச்சு" என்றார் தமிழில். டாக்டரம்மா புன்னகையோடு மறுபடி ஏறிக் காட்டினார். முன்பு காட்டிய அதே எடை. முள்ளுக்கு ஒரு குறையும் இல்லை. வேலையில் சேர்ந்த வருஷம் மருத்துவப் பரிசோதனையில் எழுதிய எடையைத்தான் இத்தனை காலமாக அவர் தன்னுடையது என்று நம்பிக்கொண்டிருந்தார். ஊரை நிறுத்தவரை நிறுத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. அவருக்கும் தோன்றவில்லை.

மிஞ்சிய பாரம் இரண்டு பூரி மூட்டைக்குச் சரியாக இருந்தது. பரவாயில்லை, இரண்டு மூட்டையை இறக்கிவிடுங்கள், அடுத்த நடையில் பார்த்துக்கொள்ளலாம் என்றார் கேப்டன், பெருந்தன்மையாக. அவருக்கு மாணிக் சாபின் ஆசை தெரியும். யாரும் தப்பாக நினைத்திருக்க மாட்டார்கள். பென்சிலும் மாணிக்கவாசகத்தின் கையில்தான் இருந்தது. அவர் மூட்டைமேல் கை வைத்தார். சூடு இன்னும் ஆறவில்லை. அந்தச் சமயத்தில் அவருக்கு அழுகை வந்துவிட்டது, அதை மறைக்கவும் இல்லை. பிறகு தன் ஓட்டை இந்தியில், இந்த இரண்டு மூட்டையை நான் ஏற்கெனவே தின்றுவிட்டேன் சாப், இன்னும் இரண்டு மூட்டையை எனக்காக இறக்குவது நன்றாக இருக்காது என்றார். தன் பெயரை அடித்தார். ஒல்லிக்குச்சி யாதவை மேடையில் ஏற்றினார். யாதவையும் ஏற்றி, மேற்கொண்டு இரண்டு மூட்டையும் ஏற்றலாம் என்று கணக்கு வந்தது.

அப்போதுதான் அம்சவேணி ஞாபகம் வந்தது. பல்லில் தண்ணீர் படாமல் மொட்டைமாடியில் நின்றுகொண்டிருப்பாள். துண்டு தெரியாவிட்டால் என்ன ஆவாள்? குவார்ட்டர்ஸில் போன் கிடையாது. சிவப்புத் துண்டை யாதவ் கையில் திணித்து, எங்கள் வீட்டுக்கு மேலே போகும்போது விடாமல் ஆட்டு என்று இரண்டு தடவை சொன்னார். அதிலும் மனசு ஆறவில்லை. புது மூட்டைகளை அடுக்கிக் கட்டி, இன்ஜின் சூடேற எப்படியும் கொஞ்ச நேரம் பிடிக்கும். அதற்குள் போய் அவளிடம் நடந்ததைச் சொல்லிவிட வேண்டும் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

தொண்ணூற்றொரு கிலோவையும் அவர் அன்று முதல் தடவையாக உணர்ந்தார். வழியில் செயின் ஒருமுறை கழன்றது. மூன்று மாடியும் ஏறி மொட்டைமாடிக் கதவைத் தள்ளியபோது நெஞ்சு அடைத்தது, வாயில் வார்த்தை வரவில்லை. சத்தம் தலைக்கு மேலே வந்துவிட்டிருந்தது. மாடி நிறையக் கூட்டம். ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. சேத்தக் தாழ்ந்து வந்து வட்டம் அடித்தது. திறந்த கதவில் ஒரு கை, கையில் சிவப்புத் துண்டு. பிள்ளைகள் ஓவென்று கத்தின. மாமி கூடக் கைதட்டினாள்.

"அந்தா! அந்தா பாருங்க மாமி, எங்க வீட்டுக்காரரு!" என்று அழுதுகொண்டே முந்தானையை வீசினாள் அம்சவேணி. அவள் குரலில் அப்படியொரு பெருமையை அவர் கல்யாணமான நாளிலிருந்து கேட்டதில்லை.

மாணிக்கவாசகம் சொல்ல வந்ததை விழுங்கினார். எல்லோருக்கும் பின்னால், மூச்சு வாங்க நின்றபடி, வலக்கையை உயரத் தூக்கி அவரும் அந்தத் துண்டுக்கு ஆட்டினார்.