ஃப்ரேயாவின் வாசலில்

அல்பர்ட்ஸ்லுண்டில் எங்கள் வீட்டிலிருந்து ரயில் மாறி ஓகூஸ் போய்ச் சேர மூன்று மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். இந்த ஐப்பசிச் சனிக்கிழமை நான் காலையிலேயே கிளம்பியது மகள் ஆரணிக்காக. அங்கே வேலை பார்க்கும் அவள், ஃப்ரேயா என்னும் டேனிஷ்காரரின் பழைய பெண் தெய்வத்தைக் கும்பிடும் பெண்களோடு சேர்ந்திருக்கிறாள். சூனியக்காரிகள் என்று தங்களைக் கூசாமல் சொல்லிக்கொள்பவர்கள். இன்று அவள் சத்தியம் செய்யும் நாள். "என்ர ஆக்களில ஒராள் பக்கத்தில நிக்க வேணும். வாங்கோவன் அம்மா" என்று கெஞ்சியிருந்தாள்.

ஓடென்ஸ் தாண்டும்போது கணவர் போன் அடித்தார். "ரொறன்ரோ சித்தப்பா மோசம் போயிட்டார். எங்களுக்குத் துடக்கு." முப்பத்தொரு நாள் சாவுத் தீட்டு; கோயில் படி மிதிக்க முடியாது.

ஓகூஸில் பஸ் பிடித்துக் காட்டோரம் இறங்கினேன். பீச் என்னும் காட்டு மரங்களுக்கு நடுவே ஒரு பெரிய கல். அதன்மேல் தேனும் பாணும் ஆப்பிளும் படைத்திருந்தார்கள். கல்லைச் சுற்றிக் கயிற்றால் ஒரு வட்டம். உள்ளே மழைக்கோட்டுப் போட்ட பெண்கள், பஸ்ஸுக்குக் காத்து நிற்பவர்கள் மாதிரி சாதுவாக நின்றார்கள். தலைவி கீர்ஸ்டன் ஆஸ்பத்திரித் தாதி. சிரித்துக்கொண்டே என்னிடம் கை நீட்டினார்.

"உள்ள வாங்கோ அம்மா" என்று ஆரணி வட்டத்துக்குள்ளிருந்து கூப்பிட்டாள்.

"இல்லைப் பிள்ளை. சித்தப்பா செத்த துடக்கு. இஞ்ச நிண்டு பாக்கிறன்."

"அது உங்கட கோயிலுக்குத்தானே? வர விருப்பமில்லையெண்டா நேர சொல்லுங்கோ."

முகம் சிவந்து திரும்பிவிட்டாள். நான் சப்பாத்தைக் கழற்றி, ஈரச் சருகில் கயிற்றுக்கு வெளியே நின்றேன். அவள் மாட்டுக் கொம்பில் ஊற்றிய தேன்மதுவைக் குடித்துச் சத்தியம் செய்தபோது, பக்கத்தில் நின்றது கீர்ஸ்டன்.

பஸ் நிறுத்தம் வரை ஆரணி கூடவே வந்தாள். பஸ் வந்ததும், வந்ததற்கு நன்றி என்று டேனிஷில் சொன்னாள், விருந்தாளிக்குச் சொல்வதுபோல.

திரும்பும் ரயில் ஹோர்சன்ஸ் தாண்டிய பிறகுதான் சொல்லியிருக்க வேண்டியது எனக்கு வாயில் வந்தது. இரண்டு தரம் போன் அடித்தேன். அவள் எடுக்கவில்லை. அது வெறும் கல் என்று நினைத்திருந்தால், தாராளமாக உள்ளே போய் என் பிள்ளைக்குப் பக்கத்தில் நின்றிருப்பேன். அவளுடைய தெய்வத்தை நானும் தெய்வமென்று எண்ணியதால்தான் வெளியே நின்றேன்.