அருள் அண்ணன் அழித்த இடங்கள்

சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தபோது செல்போன் அடித்தது. "அருள் அண்ணன் போயிட்டாருப்பா" என்றார் நம் குழுவின் ரஹீம் பாய். எனக்கு அழுகை வரவில்லை, அசதிதான் வந்தது. குடியை விட்ட பிறகு இன்னும் எத்தனை பேரைத்தான் அடக்கம் செய்வது? வந்த பஸ்ஸை விட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

ரிச்சர்ட்ஸ் டவுன் சர்ச் ஹாலில் நம் வாராந்தரக் கூட்டத்தை இத்தனை காலம் நடத்தியவர் அவர்தான் என்பது குழுவில் இருக்கும் உங்களுக்குத் தெரியும். குடியை விட்டவர்களின் குழுக்கள் இந்த ஊரில் எப்படித் தொடங்கின என்று பழைய ஆட்களைப் பேசவைத்து, கேசட்டில் பதிந்து வைத்தவரும் அவரே. பேசுகிறவர் இன்னொருவர் சங்கதியை இழுத்தால் போதும். டேப்பை நிறுத்தி, ரிவைண்ட் செய்து, அந்த இடத்தை அழித்துவிட்டுத்தான் மறுவேலை. "உன் கதையச் சொல்லுப்பா. அவன் கதைய அவன் சொல்லட்டும். அவன் செத்துட்டாலும் அப்படித்தான்."

"இப்படி அழிச்சா சரித்திரத்துல இன்னாண்ணா மிஞ்சும்?" என்று ஒருமுறை எரிச்சலோடு கேட்டேன்.

"குடிக்காம இருக்கிற ஆளுங்க மிஞ்சுவாங்க" என்றார். அந்தப் பிடிவாதத்தோடு மல்லுக்கட்டி எனக்கு அலுத்தே போயிருந்தது.

ஜீவனஹள்ளியில் அவர் வீட்டு கேட்டிலேயே மகள் எங்களை நிறுத்திவிட்டாள். அவர் குடித்துக்கொண்டிருந்த காலத்தில் கோபித்துக்கொண்டு போனவள், இப்போது சாவுக்குத்தான் வந்திருந்தாள். "நீங்கல்லாம் அவரோட சேர்ந்து குடிச்சவங்கதானே? செத்தப்புறமாவது விடுங்க."

அவர் குடியை விட்டது அவளுக்குத் தெரியாது. அதைச் சொல்லும் உரிமையும் நமக்குக் கிடையாது.

"என் பேரு கோபால்மா. நான் ஒரு குடிகாரன். இப்ப குடிக்கிறதில்ல" என்றேன், கூட்டத்தில் சொல்வது போலவே. பின்னால் நின்ற ரஹீம் பாயும் தன் பெயரைச் சொல்லி அதையே சொன்னார். அடுத்து நின்றவரும் சொன்னார். நடுத்தெருவில், வெயிலில், அக்கம்பக்கம் பார்க்க, ஒவ்வொருவராகச் சொல்லி முடித்தோம். அவள் எல்லோர் முகத்தையும் பார்த்தாள். பிறகு கேட்டைத் திறந்தாள்.

உள்ளே, பெட்டியருகே நின்றபோது என்னிடம் மெதுவாகக் கேட்டாள்: "அங்க அப்பா என்னைப் பத்தி எப்பவாவது பேசினாரா?"

ஹாலில் பேசியது ஹாலை விட்டு வெளியே போகக் கூடாது. அண்ணன் முகத்தைப் பார்த்தேன். நாற்பது பேருக்கு அந்தக் கட்டுப்பாட்டைச் சொல்லிக்கொடுத்த வாய் மூடிக் கிடந்தது. இந்தப் பெண் இப்படியே திரும்பிப் போய்விடுவாளே என்று மனம் பதறியது.

"வாரா வாரம் பேசினாரும்மா" என்று உள்ளதைச் சொல்லிவிட்டேன்.

அவள் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

ஹால் சாவி இப்போது என்னிடம் இருக்கிறது. எனக்குத் தெம்பில்லை, ஆனாலும் திறப்பேன். என் கதையை மட்டும் சொல்வேன், அடுத்தவர் கதை வந்தால் அண்ணனைப் போலவே நிறுத்துவேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இதைத்தான். ஆனால் அன்று அவர் மகளிடம் சொன்ன அந்த ஒரு வரியை, அவர் இருந்திருந்தால் ரிவைண்ட் செய்து அழித்திருப்பார்.

அதை மட்டும் அழிக்க விடமாட்டேன், அண்ணா.