விழுங்க மறுத்த வெள்ளணுக்கள்

ஊரில் எல்லாருடைய இரத்தமும் ஆய்வுகூடக்காரனான என் கைக்கு வரும். அவர்கள் கேட்கிற கேள்விக்குத்தான் பதில் வராது. மைக்ரோஸ்கோப்போடு மாரடித்தவர்களே, உங்களுக்கு இது விளங்கும்.

பாடம்

சுனாமிக்கு அடுத்த வருஷம், கல்முனைப் பக்கத்து எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஒரு லேடி டொக்டர் வந்தார். முகாம்களில் புண் ஆறாத பிள்ளைகளின் வெள்ளணுக்கள் கிருமியை விழுங்குகின்றனவா என்று பார்க்க வேண்டுமாம். மாக்ரோபேஜ் என்று ஒரு பெருந்தின்னி அணு. இரத்தத்தில் அதன் இளசுகள் ஓடுகின்றன. கிருமி தொட்டதும் அணுவுக்குள் கல்சியம் கூடுமாம். அதுதான் 'பிடி, விழுங்கு, மற்றவர்களையும் கூப்பிடு' என்று உத்தரவு போடுமாம். எனக்குத் தெரிந்த கல்சியம் பல்லில் இருப்பது. கூட வேலை பார்த்த, நாங்கள் அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடுகிற ஹனீபா காக்கா என் காதில் சொன்னார்: "எலும்புக்குள்ள கிடக்கிறதுக்கு இங்க என்ன வேல தம்பி? எனக்கு ஒண்டும் விளங்கல்ல."

மாத்திரை

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். முகாமிலிருந்து சித்தி என்ற பெயருடைய ஒரு தாய் வந்திருந்தார்; அக்கா என்கிற மாதிரி ராத்தா என்று கூப்பிடுவோம். இரண்டு பிள்ளைகளைக் கடல் கொண்டுபோய், மிஞ்சியது ஏழு வயது றிஸ்னா மட்டும். அவள் காலில் புண் மூடுவதும் திறப்பதுமாக இருந்தது. "இது என்ன டெஸ்ட்?" என்று ராத்தா கேட்க, பாதி விளங்கிய பாடத்தை முழுதாக ஒப்புவித்தேன். அடுத்த கிழமை முகாமே கல்சியம் மாத்திரை கேட்டு மருந்து ஜன்னலில் நின்றது. அது மாத்திரையால் கூட்டுகிற விஷயம் இல்லை, அணு தனக்குள் திறந்து மூடுகிற விஷயம் என்று டொக்டர் சொல்லித்தான் எனக்கே தெரியும். மருந்து கொடுப்பவர் என்னைப் பிடித்துக்கொண்டார்: "நீங்க ஊசி மட்டும் குத்துங்க, பள்ளிவாசல் பிரசங்கம் மாதிரி பயான் பண்ண வேணாம்."

விழுங்கவில்லை

றிஸ்னாவின் இரத்தத்தைக் கிருமியோடு கலந்து பார்த்தேன். கிருமி பக்கத்திலேயே கிடக்கிறது, அணுக்கள் திரும்பியும் பார்க்கவில்லை. 'விழுங்கவில்லை' என்று எழுதிக் கொடுத்தேன். பிள்ளையின் எதிர்ப்புச் சக்தியே பழுதாக இருக்கலாம் என்று டொக்டர் கொழும்புக்குக் கடிதம் எழுதினார். ராத்தா அழவில்லை. "நல்லாப் பார்த்துத்தானா எழுதின தம்பி?" என்றார்.

மூடி

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. நாலாம் நாள் என் இரத்தத்தையே பார்த்தேன். அதுவும் விழுங்கவில்லை. ஹனீபா காக்காவுடையதும் அப்படியே. மூன்று பேருக்கும் ஒரே நோயா? டொக்டரைக் கூப்பிட்டேன். டொக்டர் வந்து டியூபைத்தான் தூக்கிப் பார்த்தார். ஊதா மூடி. இதற்கென்று அவர் கொண்டுவந்த பச்சை மூடி டியூப் பெட்டியோடு கிடக்க, வருஷக்கணக்கான பழக்கத்தில் என் கை ஊதாவையே எடுத்திருக்கிறது. இரத்தம் உறையாதிருக்க ஊதாவில் போட்டிருக்கும் உப்பு, கல்சியத்தைக் கட்டிப்போட்டுவிடும். உத்தரவு போடுகிறவனைக் கட்டிவைத்துவிட்டு, வேலை நடக்கவில்லை என்று நான் ரிப்போர்ட் எழுதியிருக்கிறேன்.

பச்சை மூடியில் எடுத்ததும் றிஸ்னாவின் அணுக்கள் வயிறு முட்ட விழுங்கின. பிறகு எக்ஸ்ரே படம் பிடித்துப் பார்த்தால், காலுக்குள் கடல் செருகிவிட்டுப் போன ஒரு கம்பித் துண்டு. எடுத்தார்கள், புண் ஆறியது. ராத்தாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் மகளின் கையைப் பிடித்தபடி சொன்னார்: "கடல் கொண்டுபோன ரெண்டு பேரோட நாலு நாளும் இவளயும் மய்யத்தாத்தான் பார்த்துக்கிட்டு இருந்தன். உன்ன மன்னிச்சிட்டன் தம்பி, ஆனா இனி இவள்ட கையில நீ ஊசி வைக்காத."

கல்சியம் எப்படி உத்தரவு போடுகிறது என்பது இன்றைக்கும் எனக்கு முழுதாக விளங்கவில்லை, ஆனால் விளங்காத ஒருவன் எழுதிய ஒரு சொல் ஒரு தாயை என்ன செய்யும் என்பது நன்றாக விளங்கிவிட்டது.