ரயிலிலிருந்து தெரியும் லயம்

"தலவாக்கலைக்குப் போக கோச்சியா? குறுக்கால நடந்தா போயிறலாமேடி!" என்று சிரித்தாள் மார்கிரட்.

"கோச்சியிலேர்ந்து நம்ம லயத்த ஒருதரம் பாக்கணும்" என்றாள் சண்முகவடிவு.

"அதுல பாக்குறதுக்கு என்னாடி இருக்கு? தகரமும் பொகையுந்தான்!"

"அதத்தான்டி பாக்கணும்."

சண்முகவடிவின் குடும்பம் அடுத்த மாதம் இந்தியாவுக்குக் கப்பலேறப் போகிறது. அப்பா முடிவெடுத்துவிட்டார்; அவளை யாரும் கேட்கவில்லை. தேயிலைக் கொழுந்து எடுத்தபடி தினமும் ரயிலைப் பார்த்தவள், ரயிலிலிருந்து தன் மலையைப் பார்த்ததே இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை, அடையாளம் தெரியட்டுமென்று தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில், தன் வீட்டு வாசலில் சிவப்புச் சேலையைக் காயப்போட்டுவிட்டு வந்தாள். வட்டகொடை ஸ்டேஷனில், மார்கிரட்டோடு கூட வந்த இன்னொரு தோழி பெற்றீசியா முண்டியடித்து ஏறி, அவளுக்கு ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்தாள்.

வளைவு திரும்பியதும் பனிமூட்டம் இறங்கி மலையையே மூடிக்கொண்டது. சண்முகவடிவு ஜன்னல் கண்ணாடியை உள்ளங்கையால் துடைத்துக்கொண்டே இருந்தாள். மூட்டம் கண்ணாடியில் இல்லை, வெளியே இருந்தது; ஆனாலும் பெற்றீசியாவும் தன் முந்தானையால் துடைத்துக் கொடுத்தாள். தலவாக்கலை வந்துவிட்டது.

இறங்கும்போது சண்முகவடிவு பெற்றீசியாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வெயிலடிக்கிற நாளா பாத்து நீ ஒருதரம் இதுல வந்து, எங்க லயம் எப்புடித் தெரியுதுன்னு எனக்கு எழுதிப் போடுறியா?"