புகார்ப் புத்தகத்தில் வந்த வாசகர்

லிஃப்ட் மெக்கானிக்கின் கட்டிலுக்கு அடியில் இருநூற்று நாற்பத்தொரு புத்தகங்கள் இருந்தன. எல்லாம் ஒரே புத்தகம். ‘மூன்றாம் சாட்சிக்குக் காய்ச்சல்’ என்று தலைப்பு. துப்பறியும் நாவல், இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். எழுதியவர் அவர், வெளியிட்டவரும் அவர். அச்சாகி எட்டு மாதம் ஆகியிருந்தது.

“புத்தகத்து மேல படுத்துத் தூங்கற ஒரே பொம்பள உலகத்துலயே நான்தான்,” என்பார் அவருடைய மனைவி.

மீதி ஐம்பத்தொன்பது பிரதிகள் போன இடங்கள் மெக்கானிக்கின் விரல் நுனியில் இருந்தன. மச்சான் வீட்டில் இரண்டு. அதில் ஒன்று, ஆடிக்கொண்டிருந்த துணி துவைக்கும் இயந்திரத்தின் காலுக்கு அடியில். அதைப் பார்த்ததும் அவருக்குக் கோபம் வரவில்லை. குனிந்து, இயந்திரம் இப்போது மட்டமாக நிற்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தார். தொழில் புத்தி எங்கே போகும்? கடைத்தெருப் புத்தகக் கடையில் ஐந்து பிரதி கெஞ்சி வைத்தார். தலைப்பில் காய்ச்சல் இருந்ததால் கடைக்காரர் அவற்றை உடல்நலப் புத்தகங்களோடு அடுக்கிவிட்டார். ஒன்று விற்றது. மறுநாளே திரும்பி வந்தது. “உள்ள கஷாயம், மருந்து எதுவுமே போடலயாம்,” என்றார் கடைக்காரர், குற்றம் சாட்டும் குரலில்.

இணையத்தில் அட்டைப்படத்தைப் போட்டபோது நூற்று எண்பத்து மூன்று பேர் கட்டைவிரலை உயர்த்தினார்கள். அருமை என்றார்கள், வாழ்த்துகள் என்றார்கள். ஒரு பழைய பள்ளித் தோழர் கண்ணீர்விடும் முகங்கள் நான்கு போட்டிருந்தார். இவ்வளவு பேரில் யாராவது படித்திருப்பார்கள் என்று நம்பி, மெக்கானிக் ஒரு சோதனைக் கேள்வி வைத்துக்கொண்டார். யார் நாவலைப் பாராட்டினாலும் சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்பார்: “மூணாவது சாட்சி யாருன்னு உங்களுக்கு எப்பத் தெரிஞ்சது?”

கூட வேலை பார்க்கும் ஒயர்மேன் கொஞ்சமும் யோசிக்கவில்லை. “ரெண்டாவது சாட்சி முடிஞ்சதும்தான் அண்ணே.”

வாசகர் வட்டம் நடத்தும் ஒருவருக்குத் தபாலில் அனுப்பினார். ‘வரிசையில் இருக்கிறது’ என்று பதில் வந்தது. நான்கு மாதம் கழித்துக் கேட்டால் ‘வரிசை நகர்கிறது’ என்றார். மனைவி மட்டும் பொய் சொல்லவில்லை. முப்பத்தொன்றாம் பக்கத்தில் அவர் அடையாளத்துக்குச் செருகிய பஸ் டிக்கெட் வெளுத்துப்போய் அங்கேயே இருந்தது.

இருபத்திரண்டு ஆண்டுகளாக மெக்கானிக்கின் எழுத்தறை கட்டடங்களின் உச்சியில் இருந்தது. மொட்டை மாடியில், லிஃப்டை இழுக்கும் மோட்டார் இருக்கும் சின்ன அறை. கிரீஸ் வாசனை, ஒரே ஒரு பல்பு, உட்கார ஒரு கவிழ்த்த வாளி. உதிரிபாகம் வரும்வரை அங்கே காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் வேலைச் சீட்டுகளின் பின்பக்கத்தில் எழுதினார். அப்படி எழுதிச் சேர்த்ததுதான் முதல் நாவல். இரண்டாவதும் பாதி முடிந்திருந்தது.

அந்தப் பாதியைத்தான் மனைவி ஒருநாள் கட்டிலைத் தட்டிக்கொண்டே பேச்சில் இழுத்தார். “ரெண்டாவதும் எழுதறீங்களாமே? அதை எங்க வைக்கறது? என் தலை மேலயா?”

“படிக்க ஆள் வரும்.”

“யாரு? சரி, ஒரே ஒருத்தர் வரட்டும். சொந்தக்காரங்க கூடாது, சிநேகிதங்க கூடாது. நீங்க கேக்காம தானா வந்து ‘இந்தக் கதை எனக்கு வேணும்’னு சொல்லட்டும். மூணு மாசம் டைம் தரேன். இல்லேன்னா மொத்தமும் பழைய பேப்பர்காரருக்கு. எழுதறதையும் அதோட நிறுத்திடணும்.”

“சரி,” என்றார் மெக்கானிக்.

அவருக்கு ஒரே ஒரு கூட்டத்தைப் பற்றித்தான் முழுதாகத் தெரியும்: லிஃப்டுக்குள் நிற்கும் மனிதர்கள். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மாடி எண் மாறுவதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்று அவர் பொறுப்பில் இருந்தது. அங்கே லிஃப்டுக்குள் போனில் சிக்னலே கிடையாது. சுவரில் ஒரு நோட்டீஸ் பலகை, அதில் என்றோ தண்ணீர் நின்ற செய்தி ஒன்று மஞ்சளாகித் தொங்கியது. மெக்கானிக் அதை எடுத்துவிட்டு, நாவலின் முதல் பக்கத்தைப் பெரிதாக நகலெடுத்து நாலு குண்டூசியால் குத்தினார். அந்த வழியாகப் போகும் செவ்வாயும் வெள்ளியும் பக்கத்தை மாற்றினார். கம்பெனிக்குத் தெரிந்தால் வம்பு என்று புத்தகத்தின் பெயரையோ தன் பெயரையோ போடவில்லை. போன் எண்ணும் போடவில்லை. வாசகர் கிடைத்தால் எப்படித் தன்னைத் தேடி வருவார் என்று அவர் யோசிக்கவே இல்லை. அடுத்து இன்னொரு தவறும் செய்தார். அதை லிஃப்ட் மெக்கானிக் மட்டுமே செய்ய முடியும்.

ஐந்து மாடி ஏற இருபத்திரண்டு விநாடி. அதற்குள் ஒரு பக்கம் முடியாது. கதவு திறந்து மூடும் இடைவெளி நான்கு விநாடியாக வைக்கப்பட்டிருந்தது. மெக்கானிக் மேலே போய், கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திறந்து, அதைப் பதினொன்றாக்கினார்.

கட்டடத்தின் வாசலில் காவலாளியிடம் நீளமான புகார்ப் புத்தகம் ஒன்று இருக்கும். குடியிருப்பவர்கள் லிஃப்ட் புகாரை அதில் எழுத வேண்டும். மெக்கானிக் பழுது பார்த்துவிட்டு ‘சரி செய்யப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். மூன்றாவது வாரத்தில் அதில் ஒரு வரி வந்தது: ‘கதவு மூட மிகவும் தாமதமாகிறது. 5-ஆம் மாடி.’ மெக்கானிக் சரி செய்யாமலே ‘சரி செய்யப்பட்டது’ என்று எழுதினார். இருபத்திரண்டு ஆண்டில் அவர் போட்ட முதல் பொய்க் கையெழுத்து. பத்து நாளில் அதே கையெழுத்தில் அதே புகார். மறுபடி பொய். நான்காவது முறை ‘சரி செய்யப்பட்டது என்று எழுதினால் சரியாகிவிடுமா?’ என்று கேள்வியே வந்தது.

ஒன்பதாவது வாரம் சூப்பர்வைசர் வந்தார். லிஃப்டுக்குள் ஏறி, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கதவு மூடக் காத்திருந்தார். மெக்கானிக் அவருக்குப் பக்கத்தில் நின்று தன் செருப்பைப் பார்த்தார்.

“ஒன்பது… பத்து… பதினொண்ணு. ஏன்யா, மாப்பிள்ளை ஊர்வலம் ஏறி முடிக்கவா இவ்வளவு நேரம்?” என்றவரின் கண் பலகைக்குப் போனது. “இது என்ன?”

“நோட்டீஸ் சார்.”

சூப்பர்வைசர் வாய்விட்டுப் படித்தார். “‘பிணத்தின் கழுத்தில் கயிற்றின் தடம் இல்லை.’ தண்ணி வராததுக்கு இப்படியா நோட்டீஸ் போடுவாங்க?”

மெக்கானிக் உண்மையைச் சொன்னார்.

“கதையா? நீயா?” சூப்பர்வைசர் ஒருமுறை அவரை மேலும் கீழும் பார்த்தார். “அன்னைக்கு எனக்கு ஒண்ணு கொடுத்தியே, அதா?”

“ஆமா சார். படிச்சீங்களா?”

“அருமையா இருந்தது. அதை விடு. பக்கத்தைக் கழட்டு, கதவை நாலுக்கு இறக்கு. இந்தக் கட்டடத்துல இருந்து இன்னும் ஒரே ஒரு புகார், உன்னைக் குடோனுக்கு மாத்திடுவேன். நட்டு போல்ட்டை எண்ணிட்டு உக்காந்திரு.”

குடோனில் மொட்டை மாடி அறை கிடையாது. கவிழ்த்த வாளியும் கிடையாது. மெக்கானிக் பதினேழாம் பக்கத்தைக் கழற்றி, மடித்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பழைய பேப்பர்காரருக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. அன்று வீட்டுக்குப் போனதும் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்க்கக்கூட அவருக்கு மனம் வரவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை அவர் வாசலில் வண்டியை நிறுத்தியதும் காவலாளி புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார்.

“அண்ணே, அஞ்சாம் மாடி மறுபடி எழுதிட்டாங்க.”

“கதவைத்தான் நாலுக்கு இறக்கிட்டேனே!”

“கதவு இல்லண்ணே. எனக்கே ஒண்ணும் புரியல. நீங்களே பாருங்க.”

அதே கையெழுத்து. ‘17-க்குப் பிறகு எதுவும் வரவில்லை. நடுவில் நிறுத்தினால் என்ன அர்த்தம்? உடனே கவனிக்கவும்.’

மெக்கானிக் அந்த வரியை மூன்று முறை படித்தார். குடோனுக்கு அனுப்பப் போகும் வரி. பத்து மாதத்துக்கு மேலாக அவர் தேடிக்கொண்டிருந்த வரியும் அதுதான். சந்தோஷப்படுவதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியாமல் லிஃப்டில் ஏறி ஐந்தை அழுத்தினார்.

கதவைத் திறந்த பெண்மணிக்கு நாற்பது வயது இருக்கும். மருந்துக் கடையின் வெள்ளைக் கோட்டு தோளில் தொங்கியது, ஒரு கையில் சாவி, வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

“லிஃப்ட்காரரா? இப்பதான் வழி தெரிஞ்சுதா? அந்தக் கதையை ஏன் நிறுத்தினீங்க? யார் போடறாங்க அதை?”

“நான்தாங்க. எழுதினதும் நான்தான்.”

“நீங்களா?” அவர் தோளில் நழுவிய கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். “அப்ப நேராவே கேக்கறேன். உங்க கதையில அந்தக் கணக்கர் ரெண்டு காய்ச்சல் மாத்திரை போட்டதும் மயங்கி விழறாரே, எப்படி? அதுக்கு வேர்க்கும். மயக்கம் வராது. பதினாறு வருஷமா மருந்துக் கடையில இருக்கேன்.”

மெக்கானிக்கின் கண்முன் இருநூற்று நாற்பத்தொரு பிரதிகளும் வரிசையாக வந்து நின்றன. தொண்டையைச் செருமினார். பழக்கதோஷத்தில் கேள்வி தானாக வந்தது.

“மூணாவது சாட்சி யாருன்னு…”

“கணக்கர்தான? மயக்கம் வராதுன்னா அந்த ஆள் நடிக்கிறான். சரியா?”

நூற்றுத் தொண்ணூற்றெட்டாம் பக்கத்தில் துப்பறிபவர் கண்டுபிடிப்பதை இந்த அம்மா பதினேழாம் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிட்டார். மெக்கானிக்கின் காது சூடேறியது.

“சொல்ல மாட்டேன்,” என்றார் விறைப்பாக. பிறகு அவசரமாகப் பையைத் திறந்து ஒரு பிரதியை எடுத்தார். “முழுப் புத்தகமே இருக்கு. வெச்சுக்கோங்க. சும்மாவே வெச்சுக்கோங்க.”

“ஐயோ, புத்தகமா? வேண்டாம்.”

“ஏங்க?”

“அம்மா! என் இன்னொரு சாக்ஸ் எங்க?” என்று உள்ளிருந்து ஒரு குரல். “அந்த ரிமோட்டை யார் எடுத்தது?” என்று ஓர் ஆண் குரல்.

“கேட்டீங்கல்ல? இந்த வீட்டுக்குள்ள ஒரு வரியை முழுசாப் படிச்சு ஆறு வருஷம் ஆச்சு. லிஃப்டுக்குள்ளதான் என்னை யாரும் கூப்பிட மாட்டாங்க. இறங்கறப்ப மேல் பாதி, ஏறறப்ப கீழ் பாதி. அதுக்குப் போய்க் கதவை அவ்வளவு நேரம் திறந்து வைப்பாங்களா? டாக்டருங்க கிறுக்கினதையே படிக்கிற எனக்கு அச்செழுத்து ஒரு மூச்சு.”

“அது உங்களுக்காகத்தான்…” என்று தொடங்கிய மெக்கானிக் நிறுத்திக்கொண்டார். “மேடம், நான் அங்க ஒட்டக் கூடாதுன்னு மேல சொல்லிட்டாங்க. நீங்க வேற புகார்ப் புத்தகத்துல எழுதிட்டீங்க. என்னைக் குடோனுக்கு மாத்திடுவாங்க.”

“வேற எங்க எழுதறது? பேர் போட்டீங்களா, நம்பர் போட்டீங்களா?” அவர் சாவியை ஆட்டினார். “லிஃப்டுதான் உங்க கம்பெனி பார்க்குது. அந்தப் பலகை குடியிருக்கிற எங்களோடது. நானே மாட்டிக்கறேன், யார் கேக்கறாங்கன்னு பார்ப்போம். கொடுங்க அந்தப் புத்தகத்தை. தினம் காலையில கிளம்பறப்ப ஒரு பக்கம் கிழிச்சு மாட்டிடறேன்.”

“கிழிச்சா?”

“பின்ன? புத்தகத்தை அப்படியே குண்டூசியில தொங்கவிட முடியுமா? மறுநாள் திருப்பி மாட்டுவேன், ரெண்டு பக்கமும் முடிஞ்சிடும்.”

மெக்கானிக் புத்தகத்தை விடாமல் பிடித்திருந்தார். தையல் பைண்டிங். அச்சகத்தில் நாலு நாள் நின்று போடவைத்தது. அந்த அம்மா மறுமுனையைப் பிடித்து மெதுவாக இழுத்தார். உள்ளிருந்து மூன்றாவது முறையாக “அம்மா!” கேட்டது. மெக்கானிக் கையை எடுத்தார். பதினெட்டாம் பக்கம் இருந்த தாள் அவர் கண் முன்னாலேயே ‘சர்ர்’ என்று வந்தது.

கீழே வந்ததும் அந்த அம்மா தன் புகாருக்குக் கீழே ‘இது லிஃப்ட் பற்றிய புகார் அல்ல’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். அதற்குக் கீழே மெக்கானிக் ‘சரி செய்யப்பட்டது’ என்று எழுதினார். இந்த முறை பொய் இல்லை.

வீட்டில் மனைவி எல்லாவற்றையும் கேட்டார்.

“தானா வந்து கேட்டாங்களா?”

“கேட்டாங்க. புகாரே எழுதியிருக்காங்க.”

“எப்ப முடிப்பாங்க?”

“தினம் ஒரு பக்கம்னா ஆறரை மாசம்.”

“அதுவரைக்கும் கிழிச்சுக் கிழிச்சா படிப்பாங்க?” மனைவிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “பரவாயில்ல, ஒண்ணாவது குறையுது.” சிரித்துக்கொண்டே பழைய பேப்பர்காரருக்குப் போன் போட்டு, இப்போதைக்கு வர வேண்டாம் என்று சொன்னார். வைத்த பிறகு கேட்டார்: “அந்தக் கணக்கர் நடிக்கிறானா என்ன?”

“முப்பத்தொண்ணாம் பக்கத்துல இருந்து படி,” என்றார் மெக்கானிக் எரிச்சலோடு.

ஒரு மாதம் கழித்து, நாற்பத்தைந்தாம் பக்கம் லிஃப்டில் தொங்கிய அன்று, காவலாளி மறுபடியும் புகார்ப் புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார். முகத்தில் ஒரு சிரிப்பு. புதுக் கையெழுத்து, புது மாடி. ‘கதவு சீக்கிரம் மூடிவிடுகிறது. 2-ஆம் மாடியில் இறங்குபவர்களுக்குப் படிக்க நேரம் போதவில்லை.’

“கதவை மறுபடி பதினொண்ணுக்கு ஏத்திடுவீங்களாண்ணே?” என்றார் காவலாளி.

மெக்கானிக் அவரை முறைத்தார். பேனாவைத் திறந்தார். சூப்பர்வைசர் படிப்பார் என்பதும் நினைவில் இருந்தது. கொஞ்சம் யோசித்து, அச்செழுத்துப் போலத் தெளிவாக எழுதினார்: ‘கதவு சோதிக்கப்பட்டது. சரியாக இயங்குகிறது. ஐந்தாம் மாடி வரை போய்விட்டு இறங்கவும்.’