பாதியில் நின்ற முடிச்சு

என் வீட்டு வாசல் கதவுக்குப் பின்னால், சாவி மாட்டும் ஆணிக்குப் பக்கத்து ஆணியில், ஒரு கயிற்றுத் துண்டு தொங்குகிறது. ஒரு காலத்தில் நல்ல சிவப்பு. இப்போது பழைய செங்கல் நிறம். நடுவில் எட்டு வடிவில் ஒரு முடிச்சு, கைமுட்டி அளவுக்குத் தடித்து நிற்கிறது. பேரப்பிள்ளைகள் அதை நாய் கட்டும் கயிறு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் திருத்துவதில்லை. தாத்தா பாறை ஏறிய கயிறு என்று சொன்னால் என் தொப்பையைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

அந்தக் கயிறு எங்கள் பெரிய கிராணியுடையது. எண்பதுகளில் மலேசியாவில், பெட்டாலிங் ஜெயாவில் ஒரு நில அளவை அலுவலகத்தில் அவர் தலைமைக் குமாஸ்தா. நான் வெளி வேலைக் குழுவில் காட்டை வெட்டி வழிசெய்து அளவுச் சங்கிலி பிடிக்கும் ஆள். இருவர் வீடும் பிரிக்ஃபீல்ட்ஸில்தான், நடந்தால் ஐந்து நிமிடம். ஆனால் அவர் யாழ்ப்பாணத்துக் குடும்பம், அப்பா ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். என் அப்பா அதே ரயில்வேயில் தண்டவாளக் கட்டை தூக்கியவர். அலுவலகத்தில் அவர் மேசைக்கு முன் நாற்காலி இருந்தும் யாரும் உட்கார்ந்ததில்லை. அவரும் யாரையும் உட்காரச் சொன்னதில்லை. கடுமையான மனிதர் என்றில்லை, அப்படித்தான் எல்லோருக்கும் பழக்கமாகியிருந்தது.

எங்கள் அலுவலகச் சீன சர்வேயர் ஒருவருக்குப் பாறை ஏறும் பைத்தியம். உலு கிள்ளான் தாண்டி, ஆறு வளையும் இடத்தில், தண்ணீரை ஒட்டியே நாலு மாடி உயரத்துக்கு ஒரு வெள்ளைப் பாறை நின்றது. ஞாயிற்றுக்கிழமைகளில் என்னை அங்கே கூட்டிப்போய் ஏறப் பழக்கினார். உச்சியில் ஒரு மரத்தில் பட்டைகளைக் கட்டி, அதில் இரும்புக் கொக்கி மாட்டி, கயிற்றை அதன் வழியாக இரு பக்கமும் தொங்கவிடுவோம். ஒரு முனை ஏறுபவர் இடுப்பில், மறுபக்கம் கீழே நிற்பவர் கையில். ஏற ஏறக் கீழே நிற்பவர் தளர்வை இழுத்துக்கொள்வார். கை வழுக்கினால் கயிறு தாங்கும். உச்சியைத் தொட்டதும் ஏறியவர் கயிற்றில் உட்கார்ந்து கையை விட்டுவிடலாம், கீழே இருப்பவர் மெல்ல இறக்குவார். எனக்கு அது உடனே பிடித்துப்போனது.

இதைக் கேள்விப்பட்டு, ஒரு நாள் பெரிய கிராணி என்னைக் கூப்பிட்டு, "நானும் வரலாமோ?" என்று கேட்டார். நாற்பத்தெட்டு வயது, மூக்குக்கண்ணாடி, சர்க்கரை வேறு. நான் தலையாட்டினேன், வேறென்ன செய்வது? அவர் நன்றாகவே ஏறினார். அவசரமே கிடையாது, ஒவ்வொரு பிடியையும் கோப்பைப் படிப்பதுபோலப் பார்த்துப் பார்த்துக் கை வைப்பார். உச்சிக்குப் போனதும் கயிற்றில் உட்கார்ந்து, இரண்டு கையையும் எடுத்து ஆற்றைப் பார்த்து ஒரு கும்பிடு போடுவார். சர்வேயர் ஈப்போவுக்கு மாற்றலாகிப் போனபோது கயிற்றை எங்களிடமே விட்டுப்போனார். அப்புறம் நாங்கள் இரண்டு பேர்தான். "பெரிய கிராணியையே கயித்துல கட்டி இழுக்கிறியாமே, உனக்குத்தான் லா தைரியம்!" என்று அலுவலகத்தில் கேலி செய்வார்கள். எனக்கு உள்ளூரப் பெருமை.

ஏறும் முன் ஒரு வழக்கம் உண்டு. கயிற்றில் முதலில் தனியாக ஓர் எட்டு போட வேண்டும். பிறகு நுனியை இடுப்புப் பட்டைக்குள் விட்டு, அந்த எட்டின் தடத்திலேயே திரும்ப ஓட்டிவர வேண்டும். ஓட்டாவிட்டால் அது வெறும் கோலம், எதையும் தாங்காது. ஆகவே ஏறுபவர் கட்டியதைக் கீழே நிற்பவர் விரலால் தொட்டுப் பார்த்தே "சரி" சொல்ல வேண்டும். என் முடிச்சை அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு ஒவ்வொரு முறையும் தொட்டுப் பார்ப்பார். அவர் முடிச்சை நான் பார்க்கும் முறை வரும்போது நாலடி தள்ளி நின்று "சரி சார்" என்பேன். பெரிய கிராணியின் இடுப்பில் கை வைத்து, நீங்கள் ஒழுங்காகக் கட்டினீர்களா என்று சோதிப்பதா? மரியாதை என்று நினைத்துக்கொண்டுதான் அப்படிச் செய்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆற்றுநீர் செந்நிறமாக ஓடிக்கொண்டிருந்தது. அவர் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். இளநிலை குமாஸ்தா வேலைக்கு நான் போராங், அதாவது மனு, எழுதிக் கொடுத்திருந்தேன். அலுவலகத்தில் கேட்க வாய் வராது. இங்கே கேட்கலாம் என்று தோன்றியது.

"சார், என் போராங் மேல போயிடுச்சா?"

அவர் கையை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார். ஒருவரோடு பேசும்போது வேறு வேலை செய்ய மாட்டார், அது அவர் பண்பு. "போயிட்டுது. நல்லதாத்தான் எழுதி அனுப்பினனான்," என்றார். எனக்கு வாயெல்லாம் பல். அவரும் சிரித்தார், பாறைப் பக்கம் திரும்பினார்.

அப்போது அவர் இடுப்பைப் பார்த்தேன். முடிச்சு ஒல்லியாக இருந்தது. எப்போதும் முட்டி அளவு இருக்கும், இன்று பாதிதான். பார்த்தேன். அதை மறுபடியும் எழுதுகிறேன், நான் பார்த்தேன். இப்போதுதான் எனக்காக நல்ல வார்த்தை எழுதி அனுப்பியவர், அவரிடம் போய்க் குற்றம் சொல்வதா, வேறு மாதிரி கட்டியிருப்பார் என்று நினைத்துக்கொண்டு, "சரி சார்" என்றேன்.

அவர் ஏறினார். கயிற்றில் பாரம் விழாதவரை அந்தப் பாதி முடிச்சு ஏதோ ஒட்டிக்கொண்டு மேலே போனது. உச்சிக்கு ஒரு கை கீழே அவர் நின்றபோது, கயிற்றின் நுனி அவர் இடுப்பிலிருந்து தொங்கிக் காற்றில் ஆடியது. ஆடக் கூடாத நுனி அது. அவர் வலது கையை எடுத்துவிட்டார், கும்பிடத்தான்.

"சார்! கைய விடாதீங்க! முடிச்சு இல்ல!"

அந்தக் கை திரும்பிப் போய்ப் பாறை வெடிப்புக்குள் புகுந்துகொண்டது. கயிற்றைப் போட்டுவிட்டுப் பக்கத்து ஒற்றையடிப் பாதையில் ஓடினேன். ஐந்து நிமிட ஏற்றம். அத்தனை தூரமும் தண்ணீரில் ஏதாவது விழும் சத்தம் கேட்கிறதா என்றுதான் காது இருந்தது. விளிம்பில் குப்புறப் படுத்து, மரத்தில் கட்டிய இன்னொரு பட்டையை இறக்கி, கையை நீட்டி அவர் இடுப்பில் கொக்கியை மாட்டினேன். அன்றுதான் முதன்முதலாக அவரைத் தொட்டேன்.

மேலே வந்து உட்கார்ந்ததும் அவர் கயிற்றைப் பிடித்து இழுத்தார். இடுப்புப் பட்டையிலிருந்து சுலபமாக உருவிக்கொண்டு வந்தது. தனி எட்டு மட்டும் கயிற்றில் மிச்சம். அதை என் பக்கம் நீட்டினார்.

"நீர் பார்க்கேல்லையோ?"

"இல்ல சார். பாக்கல."

"பிழை என்ர. கட்டினது நான்தானே," என்றார்.

பேனாக்கத்தியால் அந்த முனையை வெட்டி எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மறுநாளிலிருந்து அது அவர் மேசையில், முத்திரை மைப்பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தது. யாராவது என்ன இது என்று கேட்டால், "என்ர பிழை ஒண்டு," என்பார். நான் இளநிலை குமாஸ்தாவாக அதே அறைக்கு வந்து சேர்ந்தபின் அதை எத்தனை முறை கேட்டிருப்பேன்! தான் எழுதும் கடிதங்களைக் கையெழுத்துக்கு அனுப்பும் முன் என் பக்கம் தள்ளி, "பாரும்," என்பார். தலைமைக் குமாஸ்தாவின் கடிதத்தை இளநிலை குமாஸ்தா சரிபார்ப்பதா என்று அறையே சிரித்தது. பாறைக்கும் மறுபடி போனோம். இடுப்பை என் பக்கம் நீட்டுவார், நான் விரலால் தொட்டுப் பார்ப்பேன். எல்லாம் சரியாகிவிட்டது, ஒரு பொய்யைத் தவிர. பிழையில் என் பாதியையும் சேர்த்து அந்த மனிதர் ஆறு வருடம் தன் மேசையில் வைத்திருந்தார். ஓய்வு பெற்றபோது அதை வீட்டுக்கும் கொண்டுபோனார்.

தொண்ணூறுகளின் கடைசியில், சர்க்கரையால் அவர் காலில் புண் வந்து பாதத்தை எடுக்க வேண்டியதாயிற்று. அறுவைக்குக் கொண்டுபோகும் முன் பார்க்கப் போனேன். கட்டில் பக்கத்து நாற்காலியைக் காட்டி, "இரும்," என்றார். முதல் முறை. உட்கார்ந்தேன். எதையோ பேசப் போய், அதைச் சொல்லிவிட்டேன்.

"சார், அன்னிக்கு நான் பாத்தேன். முடிச்சு பாதிதான் இருந்துச்சு. தெரிஞ்சும் சரின்னு சொன்னேன்."

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். "ஏன் சொல்லேல்லை?"

"நீங்க பெரிய கிராணி. நான் எப்படி சார்..."

"நான் விழுந்து செத்திருந்தாலும் பெரிய கிராணிதானோ?"

எனக்கு அழுகைதான் வந்தது. ஆட்கள் கட்டிலைத் தள்ள வந்தார்கள். கதவருகே அவர் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். போர்வையை விலக்கிக் காலைக் காட்டினார். எடுக்க வேண்டிய காலில் மையால் கோடு போட்டிருந்தார்கள்.

"இடது கால்தானோ எண்டு பாரும். தொட்டுப் பாரும்."

தொட்டேன். புண் இருந்த கால்தான், கோடும் அதில்தான். "சரியா இருக்கு சார்," என்றேன். அவர் தலையசைத்தார். கட்டில் நகர்ந்தது.

அதற்குப்பின் இரண்டு வருடம் இருந்தார். மாதம் ஒரு முறை போவேன், அந்தப் பேச்சை இருவரும் எடுக்கவில்லை. அவர் போன பதினாறாம் நாள் அவர் மகள் ஒரு காகித உறையை என்னிடம் தந்தார். அப்பா உங்களிடம் கொடுக்கச் சொன்னது என்றார். உள்ளே இந்தக் கயிறு. அந்த மேசையில் அத்தனை வருடம் தனி எட்டாகக் கிடந்தது, இப்போது நுனி முழுத் தடத்திலும் திரும்பி ஓடி, முடிச்சு முழுமையாக இருந்தது.

"ஆஸ்பத்திரியால வந்த அண்டைக்கே இதை எடுத்துத் தரச் சொன்னவர், அங்கிள். கட்டிலில இருந்துகொண்டு தானே கட்டினவர்."

இன்று அந்தப் பாறைக்கு வழியில்லை. நெடுஞ்சாலைத் தூண்கள் நிற்கின்றன, ஆற்றங்கரையை வேலி போட்டு அடைத்துவிட்டார்கள். நான் வெளியே கிளம்பும்போது சாவியை எடுக்கக் கை நீட்டினால் முதலில் முடிச்சில்தான் படும். நின்று, ஒவ்வொரு இழையாக விரலால் தொட்டுப் பார்ப்பேன். மனைவி காரில் ஹாரன் அடிப்பாள். முழுக்கப் பார்த்து முடித்துவிட்டு, சரி சார் என்று சொல்லிவிட்டுத்தான் கதவைப் பூட்டுவேன்.